மஞ்சள் கரிசாலை: இராமநாதபுரம் கடலோரத்தில் அடையாளம் கண்டு வளர்க்க முழுமையான வழிகாட்டி

'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று அட்டை செருகி விற்கப்படும் பல தொட்டிகளில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல. தரையை மூடிப் பரவும் வேறொரு அலங்காரக் கொடி அது. பூ கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் வாங்குபவருக்கும் சந்தேகம் வருவதில்லை, பல நேரம் விற்பவருக்கும் தெரிவதில்லை. பிறகு அதைப் பறித்துக் கீரையாகக் கடைகிறார்கள், பொடி செய்து வைக்கிறார்கள். அதனால் வளர்ப்பு முறைக்குப் போகும் முன் அடையாளத்தைச் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவோம். தவறான செடியை எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் அது தவறான செடிதான்.

பெயரும் குடும்பமும்

கரிசாலை, கரிசலாங்கண்ணி, கையான், கையாந்தகரை என எல்லாப் பெயரும் இரண்டு வேறு செடிகளுக்குப் பொதுவாக வழங்குகின்றன. வெள்ளைப் பூப் பூப்பது எக்ளிப்டா ப்ராஸ்ட்ராட்டா. மஞ்சள் பூப் பூப்பது, சித்த மருத்துவத்தில் பொற்றலைக் கையாந்தகரை எனப்படுவது, ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பழைய நூல்களில் இதுவே வெடேலியா சைனென்சிஸ், வெடேலியா கேலண்டுலேசியா என்ற பெயர்களில் இருக்கும். 1996-இல் பேரினத்தை மாற்றிய பிறகும் மூலிகை வட்டாரத்தில் பழைய பெயர்தான் புழங்குகிறது. அந்தப் பழைய பெயர் ஒரு வேதிப்பொருளிலும் தங்கிவிட்டது. வெடேலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956-இல் வேதியியலாளர் டி.ஆர். கோவிந்தாச்சாரி குழுவினர் வெளியிட்டது இந்த மஞ்சள் கரிசாலையை ஆராய்ந்துதான்.

இரண்டும் சூரியகாந்திக் குடும்பம். செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி, வெட்டுக்காயப் பூண்டு எல்லாம் இவற்றின் உறவுகள். இந்தக் குடும்பத்தில் நாம் 'ஒரு பூ' என்று பறிப்பது உண்மையில் ஒரு பூங்கொத்து. நன்கு விரிந்த ஒரு தலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து, நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். விளிம்பில் இதழ் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. நுனியில் இரண்டு மூன்று சிறு பற்கள் தெரியும், அடியில் பொடிப்பொடியாகச் சூலகம் ஒட்டியிருக்கும். நடுவிலிருக்கும் மஞ்சள் பொத்தான், குழல் வடிவப் பூக்கள் நெருக்கி அடுக்கியது. குண்டூசி நுனியால் ஒன்றை உருவினால் வாய்ப்பகுதி ஐந்தாகப் பிளந்த சின்னக் குழலாக வரும். விளிம்பு வரிசையும் நடுப் பொத்தானும் சேர்ந்து இருந்தால்தான் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். நடுப் பொத்தானே இல்லாமல் எல்லாம் நாக்கு போன்ற பூக்களாக இருந்து, காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தால் அது கரிசாலை இல்லை. கடற்கரை மணலிலேயே ஓடிப் படரும் லானேயா என்னும் பூண்டு அப்படிப்பட்டது.

அடையாளம்: இலையில்தான் தீர்ப்பு

பூவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் கரிசாலைக்கும் அதன் பெயரில் விற்கப்படும் அலங்காரக் கொடிக்கும் பூவில் உள்ள வேறுபாடு பழகாத கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டுக்கும் பூத்தலை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அகலம். இரண்டுக்கும் விளிம்பில் எட்டு முதல் பன்னிரண்டு இதழ்ப்பூக்கள். இரண்டும் நீண்ட காம்பில் தனித்தனியாக நிற்கும்.

மஞ்சள் கரிசாலையின் இலை ஒடுக்கமானது. 3 முதல் 7 செ.மீ. நீளம் இருந்தால் அகலம் 1 முதல் 2 செ.மீ.தான். எதிரெதிராக அமைந்திருக்கும். அடிப்பக்கம் படிப்படியாகக் குறுகித் தண்டில் சேர்வதால், இலைக்காம்பு எங்கே முடிகிறது இலை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஓரம் வழவழப்பாக இருக்கும், அல்லது தள்ளித்தள்ளி ஒன்றிரண்டு மழுங்கிய பற்கள் இருக்கும். நுனியிலிருந்து அடியை நோக்கி விரலால் தடவினால் சொரசொரப்பு தெரியும், படுத்திருக்கும் குட்டை மயிர்கள் அவை. பளபளப்பு கிடையாது.

அலங்காரக் கொடியின் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபாட்டா. ட்ரைலோபாட்டா என்றால் மூன்று மடல் உடையது என்று பொருள். பெயரே அடையாளம் சொல்கிறது. இலையின் நடுவுக்கு மேலே இரு பக்கமும் தோள்பட்டை போல ஒவ்வொரு மடல் கூராகத் துருத்தி நிற்கும். இலை 2 முதல் 5 செ.மீ. அகலம், தடிப்பு, மேல்புறம் மெழுகு பூசியது போன்ற மினுமினுப்பு, ஓரமெல்லாம் ஒழுங்கற்ற பற்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் பகுதிகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. நிழலில் வளர்ந்த கொடியிலும் இளந்தளிரிலும் அந்தத் தோள்மடல் சரியாகத் தெரியாது. ஒரே ஓர் இலையைப் பறித்துப் பார்த்து 'மடல் இல்லை, எனவே கரிசாலை' என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு தண்டை நுனி முதல் அடி வரை முழுவதுமாகக் கையில் எடுத்துப் பத்து இலையாவது பாருங்கள். பத்தில் இரண்டில் மடல் தெரிந்தாலும் அது அலங்காரக் கொடிதான். மஞ்சள் கரிசாலையில் எந்த இலையிலும் அந்த மடல் வராது.

இலையைக் கசக்கினால் கை கறுக்க வேண்டும் என்று ஒரு சோதனையைப் பலர் சொல்வார்கள். வெள்ளைக் கரிசாலைக்கு அது பொருந்தும். அதன் சாறு காற்றுப் பட்டதும் கருநீலமாகிக் கறுத்துவிடும். மஞ்சளுக்கு அதை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மஞ்சள் கரிசாலையோடு குழம்பக்கூடிய மற்ற இரண்டு செடிகளைக் குறித்து அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுக்காயப் பூண்டுக்கு இலை ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். ஒரு சாணுக்கும் மேல் உயரும் மெல்லிய காம்பில் மஞ்சள் நடுவும் வெளிர்ந்த நான்கைந்து இதழும் கொண்ட பூ. காய்ந்தால் இறகு முளைத்த விதை காற்றில் பறக்கும். கரிசாலை விதைக்கு இறகு இல்லை. கடலோரப் புதர்களில் ஏறும் வொல்லாஸ்டோனியா என்னும் மஞ்சள் பூக்கொடிக்கு இலை அகன்று, தெளிவான காம்போடு, ரம்பப் பல்லோடு இருக்கும்.

1. நாற்று எங்கே வாங்குவது, எப்போது நடுவது

ஈரம் வற்றாத வரப்பும் வாய்க்கால் கரையும்தான் மஞ்சள் கரிசாலைக்கு இயல்பான இடம். வருடத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் இராமநாதபுரம் கடலோரத்தில் அது தானாக முளைத்துக் கிடக்கும் என்று தேடி அலைய வேண்டாம். கண்மாய்க் கரைகளில் ஈரம் இருக்கும்போது தானாக வருவது பெரும்பாலும் வெள்ளைதான். மஞ்சளை வளர்ப்பவரிடமிருந்து தண்டுகளாக வாங்குவதே வழி. விதை வேண்டாம், தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும் செடி இது.

இங்கே மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வருகிறது. மழைக்கு முன் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே தண்டு அழுகும். எங்கள் தேர்வு மார்கழிக் கடைசி, தை. மழை ஓய்ந்திருக்கும், கிணற்றுத் தண்ணீர் வருடத்திலேயே இனிப்பாக இருக்கும் காலம் அது, வெயிலும் மென்மை. சித்திரை முதல் ஆடி வரை புது நடவு வேண்டாம். வெயில் ஒரு பக்கம், தெற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மறுபக்கம், தண்ணீரில் உப்பு ஏறுவது வேறு. கையிலிருக்கும் செடியைக் காப்பாற்றவே சரியாக இருக்கும்.

2. தண்ணீரைச் சோதியுங்கள்

கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று எந்த ஊராக இருந்தாலும் முதல் கேள்வி தண்ணீர்தான். கடலோர மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய ஏடு போல மிதக்கிறது. ஊத்து தோண்டிச் சிரட்டையால் மொள்ளும் நல்ல தண்ணீர் அந்த ஏடு. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலுள்ள உப்புநீரின் எல்லை கணக்குப்படி ஏறத்தாழ 40 அடி மேலேறும். ஆழத்தில் மோட்டார் போட்டு வேகமாக உறிஞ்சும் கிணறு சீக்கிரம் உவர்ப்பாவதும், ஆழமில்லாத ஊத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மொள்ளும் தண்ணீர் தாக்குப்பிடிப்பதும் இதனால்தான். தோட்டத்துக்கும் அந்த வழக்கம்தான் நல்லது. ஆழமில்லாத கிணற்றிலிருந்து வாளியால், அல்லது சிறு மோட்டாரில் சிறிது நேரம் மட்டும்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாசன நீருக்கான பொதுவான கணக்கில், லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே கரைந்த உப்பு இருந்தால் கவலை இல்லை. 450 முதல் 2,000 வரை எச்சரிக்கையோடு பயன்படுத்தலாம். 2,000-க்கு மேல் இந்தச் செடிக்கு ஊற்றாதீர்கள். பங்குனி, ஆவணி, தை என்று வருடத்தில் மூன்று முறையாவது அளவெடுங்கள், ஏனென்றால் ஒரே கிணறு தையில் ஒரு எண்ணும் ஆவணியில் அதைவிடப் பெரிய எண்ணும் காட்டும். சோப்பு நுரைக்கவில்லை என்பதை வைத்து உப்பை முடிவு செய்ய வேண்டாம். அது தண்ணீரின் கடினத்தன்மை, உப்பு வேறு.

தண்ணீர் உவர்ப்பு என்றால் மழைநீரைச் சேர்த்துக் கலந்து ஊற்றுவதுதான் சிறந்த வழி. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 930 லிட்டர் தண்ணீர். வழியில் வீணாவது போக 700 லிட்டராவது தொட்டியில் சேரும். சரிபாதி கலந்தால் உப்பு ஏறக்குறையப் பாதியாகும்.

3. இடமும் காற்றும்

காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் பட்டு, உச்சிவெயிலுக்கு நிழல் கிடைக்கும் இடம் வேண்டும். வீட்டின் கிழக்குப் பக்கம், தென்னை நிழல் விழும் இடம், முருங்கையடி எல்லாம் பொருந்தும். முழு நிழலில் தண்டு நீண்டு நலிந்து பூவின்றிப் போகும்.

கடலோரத்தில் காற்று வெறும் காற்று அல்ல, அது உப்பைச் சுமந்து வருகிறது. மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்கடல் பக்கம் இருந்தால் வைகாசி முதல் ஆவணி வரை தெற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். பாக் நீரிணையைப் பார்த்த வடகடல் பக்கம் என்றால் ஐப்பசி முதல் மார்கழி வரை வாடை அடிக்கும். எந்தப் பக்கக் கடலோ அந்தப் பக்கம் பனையோலைத் தட்டி கட்டுங்கள், நான்கடி உயரம் போதும். முழுதாக அடைக்கும் சுவரைவிட ஓலைத் தட்டி நல்லது. சுவரில் மோதும் காற்று மேலேறிப் பின்னால் சுழன்று இறங்கும். ஓலை இடுக்கில் புகும் காற்று வேகம் குறைந்து, சுமந்த உப்பையும் ஓலையிலேயே விட்டுவிட்டுப் போகும்.

வெள்ளாடு நுழையாத வேலி வேண்டும் என்று இந்தப் பகுதியில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

4. மண் கலவை

கடற்கரை மணலை அள்ளி வந்து தொட்டி நிரப்பாதீர்கள். உப்பைக் கழுவிவிடலாம், ஆனால் அதிலிருக்கும் சிப்பித்தூளும் பவளத்தூளும் சுண்ணாம்பு. அது மண்ணின் காரத்தன்மையை உயர்த்தி இரும்புச்சத்தைப் பூட்டிவிடும். எவ்வளவு உரம் போட்டாலும் தளிர் வெளுத்தே வரும்.

தொட்டியாக மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியே போதும். இரண்டு நடுத்தர மீன் பெட்டிக்கான கலவை: செம்மண் நான்கு சட்டி, கண்மாய் வண்டல் இரண்டு சட்டி, நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது ஆட்டுப்புழுக்கை இரண்டு சட்டி, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு சட்டி, வேப்பம்பிண்ணாக்கு 200 கிராம். சட்டி என்பது கொத்தனார் சட்டி. வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதைக் கண்மாயிலிருந்து அள்ள முறையான அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு உண்டு. சாக்கில் கட்டி நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து கொட்டுவதை மூன்று முறை செய்யுங்கள். மூன்றாம் தண்ணீரை மீட்டரில் பாருங்கள், ஊற்றிய தண்ணீரின் அளவுக்குப் பக்கத்தில் வந்திருந்தால் போதும்.

மீன் ஏற்றிவரும் தெர்மாகோல் பெட்டி கரையோர ஊர்களில் எளிதாகக் கிடைக்கும். வேர்ப்பகுதி சூடேறாமல் காக்கும், எனவே கறுப்புப் பையைவிடக் கோடைக்கு ஏற்றது. நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். அடியில் ஆறு முதல் எட்டுத் துளை, சுண்டுவிரல் நுழையும் அளவில். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், இல்லாவிட்டால் துளை தரையோடு ஒட்டி அடைபடும். பெட்டி உடைய ஆரம்பித்ததும் மாற்றிவிடுங்கள். அதன் வெள்ளை மணிகள் காற்றில் பறந்து கடலில் போய்ச் சேரும்.

தரையில் போடுவதானால் ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளத்தில், 15 செ.மீ. உயர்த்திய பாத்தி. தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் பார் (நீளவாக்கு மண்மேடு) கட்டி, பாரின் உச்சியில் நடாமல் சரிவின் நடுவில் நடுங்கள். வாய்க்காலில் விட்ட தண்ணீர் மண்ணில் ஊறி மேலேறி உச்சியில் ஆவியாகும். உப்பை அங்கேதான் விட்டுப்போகும். காய்ந்த பாரின் முகட்டில் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான்.

5. நடவு

பூக்காத, பென்சில் முனை அளவு தடித்த தண்டாகத் தேர்ந்தெடுங்கள். 12 முதல் 15 செ.மீ. நீளம், நான்கு கணு. கடைசிக் கணுவுக்கு அரை விரற்கடை கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். கீழ் இரண்டு கணுவிலுள்ள இலைகளைக் கிள்ளிவிடுங்கள், மேலே நான்கு இலை இருந்தால் போதும். மொட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். மொட்டோடு நட்டால் தண்டிலுள்ள சத்து வேருக்குப் போகாமல் பூவுக்குப் போகும்.

வெட்டிய தண்டை வெயிலில் வைக்காமல் ஈரச்சாக்கில் சுருட்டி, அன்றைக்கே நடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நல்ல நேரம். குச்சியால் துளை போட்டு, சாய்வாக இறக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி வைத்து, இரு கட்டைவிரலால் அழுத்துங்கள். அழுத்திய பின் இலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் தண்டு வரக்கூடாது. வந்தால் உள்ளே காற்று இருக்கிறது, வேர் வராது.

பெட்டியில் 15 செ.மீ. இடைவெளி. பாத்தியில் வரிசைக்கு வரிசை 30, செடிக்குச் செடி 20 செ.மீ. அந்த அளவில் மூன்று மீட்டர் பாத்திக்கு மூன்று வரிசையில் 45 தண்டு, போக்குக்கு ஐந்து கூடுதல். முதல் பத்து நாள் ஓலை நிழல். இரண்டாம் வாரத்தில் நுனியில் புதுத்தளிர் வந்தால் வேர் பிடித்துவிட்டது. வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பார்ப்பவர்கள்தான் அதிகத் தண்டுகளைச் சாகடிக்கிறார்கள்.

6. நீரும் உரமும்

முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு தினம் ஒருமுறை. விரலை ஒரு கணு அளவு மண்ணில் நுழைத்தால் ஈரம் தெரிய வேண்டும், சேறாக ஒட்டக்கூடாது. உவர்ப்பு கலந்த தண்ணீரை இலைமேல் தெளிக்காதீர்கள், வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

உவர்நீர்ப் பாசனத்தில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றும் தண்ணீரைச் செடி குடித்துவிடும், உப்பு மண்ணிலேயே தங்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கிடைப்பதிலேயே நல்ல தண்ணீரைப் பெட்டிக்கு ஒரு குடம் வீதம் நிதானமாக ஊற்றி, அடித்துளையில் வடிய விடுங்கள். தேங்கியிருந்த உப்பு அதோடு இறங்கும். தண்ணீர்ப் பஞ்சம் என்று இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த மாதம் இலை கருகும்.

மண்ணின் மேல் இரண்டு விரற்கடை கனத்துக்குக் காய்ந்த சருகு மூடாக்கு போடுங்கள். கரையில் ஒதுங்கும் பாசியை உரமாகப் போடுவதானால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, மக்கவைத்த பிறகே. உரம் மாதம் ஒரு முறை செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம், அவ்வளவுதான். யூரியா வேண்டாம். தளதளவென்று வளரும், அந்த இளந்தண்டைத் தேடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வரும்.

7. என்ன கெடுகிறது, ஏன்

எந்த இலையில், இலையின் எந்த இடத்தில் என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

அடி இலைகளின் ஓரமும் நுனியும் பழுப்பாகக் கருகி, செடியைச் சுற்றிலும் ஒரேமாதிரி இருந்தால் மண்ணில் உப்பு. மேலே சொன்னபடி வடித்துக் கழுவுங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் புள்ளிபுள்ளியாகக் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் காற்றில் வந்த உப்பு. பலத்த காற்று அடித்து ஓய்ந்த அன்றே நல்ல தண்ணீரைத் தெளித்து இலையைக் கழுவுங்கள், தட்டியைச் சரிசெய்யுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காற்று உப்புக்கு மண்ணில் குடம்குடமாக ஊற்றி வேரை அழுகவைப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

தளிர் வெளிர்மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை, மணலில் சுண்ணாம்பு இருக்கிறது. அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு லிட்டர் தண்ணீர் என்று கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். பத்து நாள் விட்டு இன்னொரு முறை. தெளித்த பின் இரண்டு வாரம் பறிக்க வேண்டாம். ஆனால் இது தற்காலிகம்தான். மக்கிய உரத்தைக் கூட்டாமல் நிரந்தரத் தீர்வு இல்லை. அடி இலை முழுதாக மஞ்சளாகி, தளிர் பச்சையாகவே இருந்தால் அது தழைச்சத்துக் குறை, மண்புழு உரம் போதும்.

மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நிற்கிறதா? கார்த்திகை மழையில் இது வேரழுகல். ஒரு செடியைப் பிடுங்கி மோந்து பாருங்கள், வேர் கறுத்து நாற்றம் வரும். அந்தச் செடியை மீட்க முடியாது. நுனி இன்னும் பச்சையாக இருந்தால் நுனித்தண்டை வெட்டிப் புதுக்கலவையில் நடுங்கள். மத்தியானம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் நோய் எதுவும் இல்லை, வெயில்தான்.

கணுவிடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. எறும்பு வரிசை தெரிந்தால் அதைப் பின்தொடர்ந்து போங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காத்து நிற்கும், எறும்பைத் தடுக்காமல் பூச்சி ஒழியாது. பெட்டியின் செங்கல் காலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைய உதவக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். கோடையில் இலை மங்கி, அடியில் நுண்ணிய நூலாம்படை தெரிந்தால் செம்பேன். நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போகும். பறித்துச் சாப்பிடும் செடி, எனவே இரசாயனப் பூச்சிக்கொல்லிக்கு இங்கே இடமில்லை.

8. பறிப்பும் பயன்பாடும்

நட்ட 60 முதல் 75 நாளில் முதல் பறிப்பு. வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து 5 செ.மீ. விட்டு, இரண்டு கணு மிஞ்சும்படி கத்தரியால் வெட்டுங்கள். அடுத்த வெட்டு 30 முதல் 40 நாளில். ஒரே நாளில் மொத்தப் பாத்தியையும் மொட்டையடிக்காமல் மூன்றில் ஒரு பங்காகச் சுற்றி வந்தால் வீட்டுக்கு வாரந்தோறும் கிடைக்கும்.

கீரையாக என்றால் பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துப் பொரியல். இலேசான கைப்பு இருக்கும். கரிசாலையை அன்றாட உணவில் சேர்க்கச் சொன்னவர் வள்ளலார். உலர்த்துவதானால் நிழலில், மெல்லிய பரப்பாக, நான்கு முதல் ஆறு நாள். கையில் நொறுங்க வேண்டும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நொறுங்கிய அன்றே மூடி இறுகும் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். துணிப்பையில் வைத்தால் மறுபடி பதமாகிப் பூஞ்சணம் பூக்கும்.

மஞ்சள் காமாலை கண்டால் இந்தக் கீரையை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். கண் மஞ்சளாவதற்குக் கிருமித் தொற்று, பித்தநாள அடைப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் மருந்தளவில் எடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

9. புதுப்பித்தலும், தவறான செடி இருந்தால் அகற்றுதலும்

ஒரு வருடத்தில் நடுப்பகுதி கட்டையாகி இலை சிறுக்கும். ஒவ்வொரு தையிலும் நுனித்தண்டுகளை வெட்டி, புதுக்கலவை நிரப்பிய பெட்டியில் மறுபடி நடுங்கள். பழைய மண்ணை முருங்கைக்கோ தென்னைக்கோ போடலாம்.

வீட்டில் ஏற்கெனவே வளர்வது அலங்காரக் கொடி என்று இலையில் தெரிந்துவிட்டதா? வெட்டி ஊருணிக் கரையிலோ, கண்மாய்க்குள்ளோ, கடற்கரைப் புதரிலோ வீசிவிடாதீர்கள். உப்பையும் தாங்கும் கொடி அது. ஒரு கணு ஈரத்தில் விழுந்தாலே வேர்விட்டு, அங்கே இயல்பாக இருக்கும் பூண்டுகளை மூடிவிடும். மண்ணைக் கிளறி ஓடுதண்டுகளை முழுதாக உருவி எடுங்கள். சிமென்ட் தளத்தில் மண்படாமல் பரப்பி, ஒடித்தால் சட்டென்று முறியும்வரை வெயிலில் காயவிட்டு, பிறகு எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். எடுத்த இடத்தில் இரண்டு மாதம் வரை வாரம் ஒருமுறை பார்த்து, துளிர்ப்பதைக் கணுவோடு பிடுங்குங்கள். அந்த இரண்டு மாதத்தில் மஞ்சள் கரிசாலையை அதே இடத்தில் நடாதீர்கள். இரண்டும் சிறு துளிராக இருக்கும்போது பிரித்தறிவது கடினம்.